குற்றாலத்துக்குப் போகலாமா?

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி மலைமீது மேகம் இறங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: “சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலத்துக்கு அழைத்துப் போகலாமா?” கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மகளாகவோ மகனாகவோ இருப்பார். நோயாளி பேசாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இக்கேள்விக்கு ஊரில் இரண்டு விடைகள் உலவுகின்றன. “அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக் குளிப்பதற்காகவா அத்தனை தூரம் போக வேண்டும்? வீட்டிலேயே இருக்கட்டும்” என்பது ஒன்று. “அருவியில் ஒருமுறை நின்றால் போதும், எந்த நோயும் ஓடிவிடும்” என்பது மற்றொன்று. இரண்டையுமே நாங்கள் ஏற்கவில்லை. குற்றாலம் போய் வரத் தக்க இடந்தான். ஆயினும் நோயாளி எந்த நாளில் போகிறார், அங்கே என்ன செய்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அப்பயணம் நன்மையாகவோ தீமையாகவோ முடியும்.

இடத்தின் இயல்பை முதலில் நினைவுகூர்வோம். தென்காசிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிற்றாறு மலையிலிருந்து இறங்கும் இடம் குற்றாலம். பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்நீர் நேரே தலைமேல் இறங்குவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அதன்பின் கீழே வருகிறது. அதனாலேயே மனிதர் அதன்கீழ் நிற்க முடிகிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றுக்கும் வண்டியிலேயே செல்லலாம். செண்பகாதேவி, தேனருவி ஆகியவை காட்டுவழியே ஏறிச் செல்ல வேண்டியவை. அவற்றை நோயாளிகள் மறந்துவிடுவதே நல்லது.

கூட்டத்தைப் பற்றி மிகைப்படுத்த ஏதுமில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான சாரல் காலத்தில், குறிப்பாகச் சனி, ஞாயிறு நாள்களிலும் ஆடி அமாவாசையன்றும், அருவிக்கரையில் கால் வைக்கவும் இடமிராது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். பாறை வழுக்கும்; பின்னால் நிற்பவர் தள்ளுவார்; காவலர் ஊதலை ஊதி நகரச் சொல்வார். உடல்நலம் உள்ளவருக்கு இவை சிறு தொல்லைகள். கம்பூன்றி நடப்பவருக்கோ ஒரு தள்ளல் போதும், இடுப்பெலும்பு முறிவதற்கு.

எனினும் அந்தக் கூட்டத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு நடந்தவர் தம் ஊரிலும் வீட்டிலும் ‘உடம்புக்கு முடியாதவர்’ என்ற பெயரோடு வாழ்கிறார். வருவோர் அனைவரும் நோயைப் பற்றியே விசாரிக்கிறார்கள். குற்றாலத்தில் அவரை யாரும் அப்படி விசாரிப்பதில்லை. ஈரத்துண்டோடு நடக்கும் ஆயிரம் பேரில் அவரும் ஒருவர். வறுத்த வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு, பேரப்பிள்ளைகள் நனைந்து நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு மாலைப்பொழுது அவருக்கு என்ன தருகிறது என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, “கூட்டம் இருக்கிறது, எனவே வேண்டாம்” என்று ஒரே சொல்லில் மறுத்துவிட எங்களுக்கு மனம் வருவதில்லை.

அதே உறுதியோடு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அருவிநீர் மருந்தன்று. மூலிகைக் காட்டைக் கடந்து வருவதால் அது நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை பழமையானது; மனநோய் உள்ளவரை அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடுவார் என்ற நம்பிக்கையும் அவ்வாறே. குளிர்ந்த நீர் மனத்துக்கும் உடலுக்கும் தரும் புத்துணர்ச்சி உண்மை. ஆனால் அதனை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. மனநோய்க்கான மருந்தையோ, வலிப்புக்கான மருந்தையோ, இரத்த அழுத்த மாத்திரையையோ பயணத்தின்போது ஒரு வேளைகூட விடலாகாது. விருப்பமில்லாத ஒருவரைக் கைபிடித்து இழுத்துச் சென்று அருவியின்கீழ் நிறுத்துவது சிகிச்சையன்று. அது அவருக்குச் செய்யும் கொடுமை.

குளிர்ந்த நீர் திடீரென உடலில் விழும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் உயர்கிறது, மூச்சு வாங்குகிறது, இதயம் கூடுதலாக உழைக்கிறது. இளைஞருக்கு இது களிப்பூட்டும் சிலிர்ப்பு. மாரடைப்பு வந்தவருக்கும், இதயம் தளர்ந்தவருக்கும், அழுத்தம் கட்டுப்படாதவருக்கும் இதுவே ஆபத்தாகலாம். நெடுநாள் நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவர்கள் வெறுங்காலில் பாறைமேல் நடந்தால், கல் கீறியதும் தெரியாது. சில நாள் கழித்துப் புண்ணாகிய பிறகே தெரியவரும். வரிசையில் நின்று உணவு வேளை தவறினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அந்த நடுக்கத்தைக் குளிர்நடுக்கம் என்று எண்ணிவிடுவதும் உண்டு.

ஆகவே, அருவியின்கீழ் நிற்கவே கூடாதவர்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அறுவைக் காயம் முழுதும் ஆறாதவர்கள், இதயப் பைபாஸ் அறுவை செய்து மார்பெலும்பு இன்னும் கூடாதவர்கள் (இதற்கு மூன்று மாதம்வரை ஆகலாம்), டயாலிசிசுக்காகக் கழுத்திலோ மார்பிலோ குழாய் பொருத்தப்பட்டவர்கள், செவிப்பறையில் துளை உள்ளவர்களும் அண்மையில் காது அறுவை செய்துகொண்டவர்களும், வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், கருவுற்ற பெண்கள். இப்பட்டியலில் இல்லாதவர்களும் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே இறங்க வேண்டும்.

கூட்டத்தினும் அஞ்சத் தக்கது வெள்ளம். கீழே வானம் தெளிந்திருக்கும்போதே மலைமேல் மழை கொட்டலாம். சில நிமிடங்களில் நீர் பெருகிக் கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் உயிர்தப்ப ஓட வேண்டியிருந்தது. ஓட முடியாதவரை அத்தகைய இடத்தில் நிறுத்தலாமா என்று குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். நீரின் நிறம் கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, காவலர் வெளியேறச் சொன்னாலோ, “இன்னும் ஒரு நிமிடம்” என்று நிற்கக் கூடாது. குளிக்கத் தடை அறிவித்திருக்கும் நாளில், நெடுந்தூரம் வந்துவிட்டோமே என்று வருந்தி வேறு வழி தேடவும் கூடாது.

இத்தனை தடைகளைச் சொன்ன பிறகும் போய் வருக என்கிறோமே, ஏன்? குற்றாலத்துப் பருவத்துக்கு மக்கள் இட்ட பெயரிலேயே விடை இருக்கிறது. அதனை அருவிக்காலம் என்று யாரும் சொல்வதில்லை. சாரல் காலம் என்றே சொல்கிறார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும், அது சுமந்து வரும் பூந்தூறலும், இடையிடையே எட்டிப் பார்க்கும் இளவெயிலுமே அப்பருவத்தின் இன்பம். அதனைப் பெறப் பாறைமேல் ஏற வேண்டியதில்லை. ஐந்தருவிச் சாலையோரம் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்மேலும் சாரல் படும். ‘குளிக்காவிட்டால் குற்றாலம் வந்து என்ன பயன்’ என்று அருகிலிருப்போர் சொல்லாமலிருந்தாலே போதும், அவருக்குக் குறையொன்றும் இராது.

செல்ல விரும்புவோர் வார நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே சென்று, கூட்டம் சேரும் முன் திரும்புங்கள். மருந்துச் சீட்டின் நகலும் இரண்டு நாளுக்குக் கூடுதலான மாத்திரையும் கையில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். நழுவாத செருப்பும் மாற்றுடையும் கம்பளிப் போர்வையும் தேவை. நெரிசல் மிக்க நாளில் ஆம்புலன்சும் சாலையில் நகர முடியாது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசி அரசு மருத்துவமனைகூட அப்போது தொலைவாகிவிடும். கூட்டமில்லாத நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இறுதியாக, பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியின் பக்கத்திலேயே பையைச் சுமந்து நின்றுவிட்டு, ஒரு துளி நீரும் மேலே படாமல் ஊர் திரும்புகிறவர்கள் நீங்கள். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மூத்த மகளாகவோ இருக்கிறார். இம்முறை துணைக்கு இன்னொருவரை அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் நோயாளியோடு அமர்ந்திருக்க, மற்றவர் அருவிக்குப் போகட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். மாதக்கணக்கில் இரவு விழித்த உங்கள் தோளுக்கும் அந்த நீர் தேவை. அதில் குற்றவுணர்வு கொள்ள ஏதுமில்லை. நீங்கள் குளித்து வரும்வரை காத்திருப்பதில் நோயாளிக்கும் ஒரு நிறைவு உண்டு. நெடுநாளைக்குப் பின் அவர் உங்களுக்காகச் செய்யும் உதவி அது.