மலையை மட்டும் விட்டுவிட்டால் தண்ணீர் தப்பிவிடுமா?

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். இப்போது பொறியாளர். "டீச்சர், அரிட்டாபட்டியில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் 193 ஹெக்டேர்தானே? அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் டங்ஸ்டன் எடுத்திருந்தால் என்ன? நாட்டுக்குத் தேவைதானே?" என்று கேட்டான்.

தம்பி, நீ மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2024 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகமே அந்தத் தலத்தை ஒதுக்கிவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று ஆராயச் சொன்னது. ஏலம் விட்ட மொத்தப் பரப்பு 2015 ஹெக்டேர், ஏறக்குறைய 5000 ஏக்கர். அதில் 193 போனால் மீதி எவ்வளவு என்று கழித்துப் பார். கழித்தல் கணக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

டங்ஸ்டன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்பு இழையைக் காட்டி உங்களுக்குப் பாடம் நடத்தியவள்தான் நான். ஆனால் அந்த 2015 ஹெக்டேர் எல்லையைக் கனிமத்தைப் பார்த்துப் போட்டார்கள். தண்ணீரைப் பார்த்துப் போடவில்லை. என் சண்டை இந்த ஒரு விஷயத்தில்தான்.

அங்கே ஏழு குன்றுகள். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று 2022-இல் தலத்தை அறிவித்தபோது அரசே கணக்குச் சொன்னது. குன்றில் விழும் மழை குன்றிலேயே நிற்பதில்லை. ஓடை வழியாக முதல் கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. குன்றைக் காப்பாற்றிவிட்டு நடுவில் உள்ள வரத்துக்கால்வாயைத் தோண்டினால் கீழே உள்ள கண்மாய்க்கு எது வரும்? தோண்டிக் கொட்டிய கல்லும் அரைத்த மண்ணும்தான் மழையோடு வரும்.

நிலத்தடி நீர் விஷயத்தில் நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் பூமிக்கு அடியில் நீளமாக ஒரு நீலக்கோடு போட்டு, அதுதான் நிலத்தடி நீர் என்றேன். ஏதோ அடியில் பெரிய குளம் இருப்பதுபோல் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நம் ஊர் கடினப் பாறை பூமி. மேலே உக்கிப்போன பாறையிலும், அடியில் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். அதைவிட ஆழமாகப் பக்கத்தில் ஒரு குழி வெட்டினால், வெடிப்பு வழியாக அந்தத் தண்ணீர் குழிக்கு ஓடும். வேலை நடக்க வேண்டுமானால் மோட்டார் வைத்து இறைத்துத்தான் ஆக வேண்டும். என் பிறந்த வீட்டுக் கிணறு அப்படித்தான் போனது. பக்கத்துக் கல்குவாரியில் இராப்பகலாக மோட்டார் ஓடியது, அப்பா வாழையைக் காயவிட்டார். அந்தக் குழியில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. எங்கள் கிணற்றில் இல்லை.

"அதுதான் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டதே, இன்னும் என்ன புலம்பல்?" என்று என் மதினி கேட்கிறார். மதினி, ரத்தானது அந்த ஒரு ஏலம். டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம் என்ற 2023 சட்டத்திருத்தம் அப்படியேதான் இருக்கிறது. அதைவிட மோசம், 2025 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் அமைச்சக உத்தரவு. இந்த முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லையாம்! ஆய்வறிக்கை எழுதுகிறவர் சித்திரையில் வந்தால் வறண்ட பள்ளத்தைத்தான் பார்ப்பார். ஐப்பசியில் அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று கருத்துக்கேட்பில் எழுந்து சொல்லப்போகிறவர் மடை திறக்கும் நீர்பாய்ச்சியும் கிணற்றுக்காரரும்தான். அவர்கள் வாயை மூடிவிட்டு யாருக்காகச் சுரங்கம்?

நம்மையும் சொல்ல வேண்டும். வரத்துக்கால்வாயில் காம்பவுண்டு சுவர் எழுப்பியவர்கள் நம் சொந்தத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், படித்ததும் அவர்களுக்கே தெரியும். கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போடுங்கள், காபி தருகிறேன்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கிணற்றில் கல் கட்டிய கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று மாதாமாதம் தேதி போட்டு எழுதுங்கள். மறுகால் போகும்போது போட்டோ எடுங்கள். நாளைக்கு யாராவது "இங்கே முதலிலிருந்தே தண்ணீர் இல்லை" என்று எழுதினால் மறுத்துச் சொல்ல நம் கையில் ஒரு நோட்டு வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நோட்டு வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்லாதீர்கள், என்னிடம் பழைய வருகைப்பதிவேடு நாலைந்து எழுதாமல் கிடக்கிறது.