வாயை அடைத்தால் வழக்கு முடிந்ததா?

அமெரிக்க அரசியலைக் கவனிக்கிறவர்களுக்கு அந்தக் காணொளிகள் பழகியவை. கல்லூரி அரங்கம், மேடையில் பென் ஷாபிரோ போன்ற ஒரு பழமைவாத விமர்சகர், கீழே ஒலிவாங்கியின் முன் ஒரு மாணவர். விமர்சகர் மடமடவென்று கேள்விகளை அடுக்குகிறார், மாணவர் திணறுகிறார். ‘தவிடுபொடி’ என்ற தொனியில் ஒரு தலைப்போடு அந்த இரண்டு நிமிடம் யூடியூபில் சுற்றிவருகிறது. கருக்கலைப்போ, துப்பாக்கிச் சட்டமோ, குடியேற்றமோ, வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டதாகப் பார்த்தவர்கள் நினைக்கிறார்கள். இடதுசாரிகளும் தங்கள் பேச்சாளர்களை வைத்து இதையே செய்கிறார்கள். எதிராளியின் வாயை அடைத்தவர் பக்கமே நியாயம் இருக்கிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இது பொய் நம்பிக்கை. பொய் என்பதற்குச் சாட்சி, வாயடைக்கும் இந்தக் கலையில் அமெரிக்கா கண்ட மிகத் தேர்ந்த பழமைவாதியின் வாழ்க்கையே.

வில்லியம் பக்லி 1955இல் ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைத் தொடங்கியவர். 1966 முதல் 1999 வரை ‘ஃபயரிங் லைன்’ என்ற தொலைக்காட்சி விவாதத்தை நடத்தினார். நோம் சாம்ஸ்கி, கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஹியூயி நியூட்டன், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் என்று தனக்கு நேர் எதிரானவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அந்தத் துணிவை மறுக்க முடியாது. சொல்வளம், வேகம், சட்டென்று வரும் பதிலடி எல்லாம் அவருக்குக் கைவந்தவை.

1965 பிப்ரவரி 18 அன்று கேம்பிரிட்ஜ் மாணவர் சங்க அரங்கில் அவர் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை எதிர்கொண்டார். அமெரிக்கக் கனவு கறுப்பினத்தவரின் இழப்பில்தான் நிற்கிறதா என்பது தலைப்பு. மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட முடியாததைப் பற்றி அரங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தபோது, அங்கே கறுப்பினத்தவர் போதிய அளவு ஓட்டுப் போடாதது சிக்கலில்லை, வெள்ளையர்கள் அளவுக்கு மீறி ஓட்டுப் போடுவதுதான் சிக்கல் என்ற பொருளில் பக்லி பதில் சொன்னார். அரங்கம் சிரித்தது. பேச்சுத் திறமை என்று பார்த்தால் அது அபாரமான பதில்.

அப்போதைய மிசிசிப்பியில் ஓட்டுரிமைக்குத் தகுதியான கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தவர்கள் சுமார் 6.7 சதவீதம். பக்லி பேசிய அதே தேதியில், அலபாமாவின் மேரியன் ஊரில், ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தின்போது ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். எட்டு நாள் கழித்து ஜாக்சன் இறந்தார். அரங்கைச் சிரிக்கவைத்த அந்தப் பதிலில் இந்த மனிதர்களுக்கு இடமே இல்லை. பதிலடியின் குறை இதுதான்: எதிரே நிற்பவரை மட்டும் அது மடக்குகிறது, பிரச்சினையைத் தொடுவதே இல்லை.

அன்றைய வாக்கெடுப்பில் பால்ட்வின் 544க்கு 164 என்று வென்றார். ‘பார்த்தீர்களா, விவாதத்தில் நியாயம்தானே ஜெயித்தது’ என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணிக்கை தலைகீழாக வந்திருந்தால் பால்ட்வின் சொன்னது பொய்யாகியிருக்குமா? அலபாமாவில் ஓட்டுரிமை கிடைத்ததற்குக் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் வாக்கு காரணமில்லை. ஜாக்சனின் சாவுக்குப் பின் அதே மாநிலத்தின் செல்மா ஊரில் தடியடி பட்டு நடந்தவர்கள் காரணம். ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டம் காரணம். 1967க்குள் மிசிசிப்பியில் பட்டியலில் இடம்பெற்ற கறுப்பினத்தவரின் விகிதம் 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது.

மூன்றாண்டு கழித்து பக்லியை ஏபிசி தொலைக்காட்சி எழுத்தாளர் கோர் விடாலோடு மோதவிட்டது. 1968 ஆகஸ்டில், சிகாகோ தெருக்களில் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களைக் காவல்துறை அடித்துக்கொண்டிருந்த நாட்களில், விடால் அவரை நாஜி என்ற பொருள்பட ஏசினார். பக்லி விடாலின் பாலியல் நாட்டத்தை இழிசொல்லால் குறிப்பிட்டு, முகத்தில் குத்துவேன் என்று நேரலையிலேயே மிரட்டினார். இன்றும் மக்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்தச் சில நொடிகளைத்தான். வியட்நாம் போரைப் பற்றி இருவரும் என்ன வாதிட்டார்கள் என்று கேட்டால், பார்த்தவர்களிலேயே பலருக்குச் சொல்லத் தெரியாது. இன்றைய துண்டுக் காணொளிகளின் மூதாதை அந்த இரவு.

1978 ஜனவரியில் பனாமா கால்வாய் பற்றி பக்லி விவாதித்தது சக பழமைவாதியான ரொனால்ட் ரேகனோடு. கால்வாயைப் பனாமாவிடம் ஒப்படைக்கலாம் என்றார் பக்லி. கூடாது என்றார் ரேகன். செனட் 68க்கு 32 என்று ஒப்படைப்பு ஒப்பந்தங்களை ஏற்றது. 1999 கடைசி நாளில் கால்வாய் கைமாறியது, கப்பல்கள் தொடர்ந்து போய்வந்தன. இந்த விஷயத்தில் பக்லி சொன்னதே சரி. ஆனால் மூன்றாண்டுக்குள் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ரேகன். சரியாகச் சொன்னவர் ஒருவர், கூட்டத்தைக் கவர்ந்தவர் வேறொருவர்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது 1957. அந்த ஆண்டு ‘நேஷனல் ரிவ்யூ’ தலையங்கம், தெற்கு மாநிலங்களில் எண்ணிக்கையில் குறைவாக உள்ள இடங்களில்கூட ஆளும் உரிமை வெள்ளையருக்கு உண்டு, அவர்களே இப்போதைக்கு முன்னேறிய இனம் என்று வாதிட்டது. அந்தத் தரப்பைத் தாங்கிப் பிடித்த ஆண்டுகளில் பக்லியை நேருக்கு நேர் பேசி மடக்குவது எளிதாக இருக்கவில்லை. 2004இல் அவரே, இனப்பாகுபாட்டிலிருந்து தெற்கு தானாகவே மெல்ல மேலேறிவிடும் என்று நம்பியது தவறு, மத்திய அரசின் தலையீடு தேவையாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். வாக்குரிமைச் சட்டத்துக்கு அப்போது ஏறக்குறைய 39 வயது.