கண்டி வாவிக்கட்டின் உள்ளே பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

டிட்வா புயலுக்குப் பிறகு கண்டியில் எங்கு போனாலும் மண்சரிவுப் பேச்சுத்தான். பேச வேண்டியதுதான். ஆனால் அதே 2025 நவம்பர் கடைசியில், எங்கள் ஊரைச் சுற்றி ஓடும் மகாவலி கீழே திருகோணமலைப் பக்கம் மாவிலாற்று அணைக்கட்டையும் உடைத்துக்கொண்டு போனது. மண்கட்டுகளைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்கக் காணோம்.

கண்டி வாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளிக்குக் குறுக்கே மண் அணை போட்டு உண்டாக்கியது. இருநூறு வருடம் தாண்டிவிட்டது. கட்டுக்குக் கீழே கடைத்தெரு, சந்தை, போகம்பறை, ரயில் நிலையம். மதிலுக்கு வெள்ளையடிப்பதும் விளக்குப் போடுவதும் தெரிகிறது. கட்டின் உட்புறத்தை ஆராய்ந்த அறிக்கை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

மண்கட்டு வெள்ளம் மேலால் வழிந்துதான் உடையும் என்றில்லை. உள்ளே கசியும் நீர் நுண்மண்ணை அரித்து அரித்துக் குழாய்போல் வழி செய்துகொள்ளும். வெளியே கலங்கல் நீர் வரும்போது காலம் கடந்திருக்கும். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சமனலவெவ நீர்த்தேக்கத்தில் அணையல்ல, வலக்கரை மலையே ஒழுகியது. 1992இல் பீறிட்ட நீரை எத்தனையோ செலவு செய்தும் முற்றாக நிறுத்த முடியவில்லை.

கட்டைத் தோண்டாமலே உள்ளே பார்க்க வழியிருக்கிறது. கட்டு நெடுகிலும் சம இடைவெளியில் இரும்பு முளைகளை அடித்து, காய்ந்த மண்ணென்றால் முளையடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, கம்பி தொடுத்து மின்சாரம் செலுத்துவார்கள். ஈரமண் மின்சாரத்தை எளிதில் விடும், உலர்மண் தடுக்கும். அந்த வேறுபாட்டை வைத்துக் கட்டின் குறுக்குவெட்டைப் படமாக வரைந்துவிடலாம். களிமண்ணும் ஈரமண் போலவே காட்டும் என்பதால் ஒருமுறை பார்த்தால் போதாது. வாவி நிறைந்திருக்கும்போதும் வற்றியிருக்கும்போதும் அளந்து ஒப்பிட வேண்டும். சந்தேகமான இடத்தில் மட்டும் துளையிட்டு உறுதி செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் துளைபோட்டால் கசிவு பதினோராவது இடத்தில் இருக்கும். பழைய மண்கட்டைச் சல்லடையாக்குவதும் ஆபத்து.

இதற்கு வெளிநாட்டு நிபுணரைக் கூப்பிடத் தேவையில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு வெள்ளையடித்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

2020இல் திகன, ஹாரகம பகுதிகளில் நிலம் அதிர்ந்தபோதும் இதே கதைதான். பக்கத்திலுள்ள விக்டோரியா அணைக்கு ஆபத்தில்லை என்றார்கள் அதிகாரிகள். இல்லாமலே இருக்கட்டும், எந்த அளவீட்டை வைத்துச் சொன்னார்கள் என்பதை ஹாரகமவில் வீடு வைத்திருப்பவனுக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளிலாவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே மாநகர சபையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் பேராதனையாரை அழைத்து, அடுத்த மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வாவிக்கட்டை அளக்க வேண்டும். அதன் முடிவை மூன்று மொழியிலும் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். தங்கள் பத்திரிகையும் இதை விடாமல் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கண்டி வாசகர் ஒருவர்