மேகம் மூடினாலும் சூரியனைப் 'பார்க்கலாம்'... பழைய டிடிஎச் டிஷ் போதும்! கல்லூரி லேபுக்கு ரேடியோ வானியல் வருமா?

1769 ஜூன் 4, காலை. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பதிவு செய்ய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ புதுச்சேரியில் தொலைநோக்கியோடு காத்திருந்தார். 1761-ல் முதல் வாய்ப்பு வந்தபோது ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் சிக்கிக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து வந்த இரண்டாவது வாய்ப்பை, சரியா அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. அடுத்தது 1874-ல்தான்!

மேகம் மறைப்பது சூரியனின் ஒளியைத்தான். சூரியன் அனுப்பும் ரேடியோ அலைகள் மேகத்தைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பிடிக்கும் கருவி இன்று பல வீட்டு மொட்டை மாடிகளில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

டிவி ஏன் திடீர்னு கட் ஆகுது?

மார்ச் மாதத்திலும், செப்டம்பர்-அக்டோபர் வாக்கிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம் மட்டும் டிவி சிக்னல் தடுமாறும். டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்துவிடுவதுதான் காரணம். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சேனல் சிக்னல் அமுங்கிவிடும். கேபிள்காரருக்கு இது தலைவலி. இயற்பியல் மாணவருக்கு இலவச சோதனை.

லேபில் என்ன செய்வார்கள்?

60 செ.மீ. டிஷ், அதன் எல்என்பி, டிஷ் மாட்ட வருபவர்கள் கையில் வைத்திருக்கும் சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டர். அவ்வளவுதான். வெற்று வானத்தைப் பார்த்தால் முள் இறங்கும். தரையைப் பார்த்தால் ஏறும், ஏன்னா வெப்பமுள்ள எந்தப் பொருளும் ரேடியோ அலை வீசும். எல்என்பிக்கு முன்னால் கையை நீட்டினாலே முள் அசையும்! இந்த இரண்டு அளவையும் வைத்துக்கொண்டு சூரியனின் அளவைக் கணக்கிடலாம்.

அடுத்து, சூரியன் வரப்போகும் இடத்தில் டிஷ்ஷை அசையாமல் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்க வேண்டும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் சூரியன் தானாகவே டிஷ்ஷின் பார்வையைக் கடந்து போகும். வரைபடத்தில் ஒரு மேடு வரும், சுமார் 12 நிமிட அகலத்தில். அதாவது 3 டிகிரி. ஆனால் சூரியனின் அகலம் அரை டிகிரிதானே? மீதி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விதான் பாடமே. சின்ன டிஷ்ஷுக்குப் பார்வை மங்கல். டிஷ் பெரிதாகப் பெரிதாகத்தான் கூர்மை வரும். ஊட்டி தொலைநோக்கி 530 மீட்டர் நீளம் இருப்பதும், புனே அருகே ஜிஎம்ஆர்டி-யின் 30 டிஷ்கள் 25 கி.மீ. பரப்பில் சிதறி நிற்பதும் ஏன் என்பது, தானே வரைந்த ஒரு மேட்டிலிருந்து மாணவருக்குப் புரிகிறது. புத்தகத்தில் இது ஒரு வரிச் சூத்திரம். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடலாம்.

(கனமழையில் டிடிஎச் போய்விடுவது போல இந்தச் சோதனையும் போய்விடும். வெறும் மேகத்துக்குப் பயமில்லை.)

பால்வீதியையும் கேட்கலாமா?

கேட்கலாம். விண்வெளி ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. 1951-ல் ஹார்வர்டில் யூவன் என்ற ஆய்வு மாணவரும் அவரது பேராசிரியர் பர்செல்லும் அதை முதலில் பிடித்தது, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மரப்பலகைக் கூம்பில்தான். செல்போன் டவர்கள் நிறைந்த நகரத்துக்குள்ளும் முயற்சி செய்யலாம். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. வாயு நம்மை விட்டு நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் விலகினால் அலைவரிசை அரை மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். அதை அளந்தால் பால்வீதி சுழலும் வேகம் கிடைக்கும். கணினியில் செருகும் சின்ன எஸ்டிஆர் ரிசீவர், ஒரு ஆம்ப்ளிஃபயர், அலுமினியத் தகட்டுக் கூம்பு. சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம்.

அப்போ சிக்கல் எங்கே?

வழிகாட்ட ஆள் இருக்கிறது. புனேயில் உள்ள என்சிஆர்ஏ, ஐயூகா நிறுவனங்கள் டிவி டிஷ்ஷிலேயே மலிவு ரேடியோ தொலைநோக்கி வடிவமைத்திருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்குக் குளிர்காலப் பயிற்சியும் தருகின்றன. ஊட்டியில் மாணவர்களே பல்சர்களைக் கவனிக்கும் பயிற்சி முகாம் நடக்கிறது. ஆனால் முகாமில் இடம் கிடைப்பது சிலருக்குத்தான். லாஸ்பேட்டையிலோ காரைக்காலிலோ பிஎஸ்சி படிக்கும் மற்றவர்களுக்கு, சொந்தக் கல்லூரி மொட்டை மாடியில் நடந்தால்தான் உண்டு. அதற்குப் பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது, வாரம் ஒரு மதியம், ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர், 'சரியான விடை' வராத சோதனைக்கும் மார்க் போடும் ரெக்கார்டு நோட்டு. கடைசிதான் கஷ்டம்.

தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உருவாகும் 'ஸ்கொயர் கிலோமீட்டர் அரே' திட்டத்துக்கு மத்திய அரசு ரூ.1,250 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்திருக்கிறது. அதன் தரவுகளை அலசப் போகிறவர்களில் பலர் இன்றைக்கு பிஎஸ்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இதுவரை ஒரு டிஷ்ஷை சூரியன் பக்கம் திருப்பியிருப்பார்கள்?