நாலு பேரோடு பழகினால் போதுமா?

"கூட்டுக் குடும்பமா இருந்த காலத்துல யாருக்காவது டிப்ரஷன் வந்துச்சா? செல்போனைத் தூக்கிப் போடுங்க, நாலு பேரோட கலகலப்பாப் பழகுங்க, மாத்திரையே தேவையில்லை!" பட்டிமன்றத்தில், பள்ளி ஆண்டுவிழாவில், கல்யாணப் பந்தியில் என்று பல வருடங்களாக இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். ஒவ்வொரு முறையும் கைதட்டல். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டு வாழ்கிறவள் நான். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

செல்போன்தான் காரணம் என்பது ஒரு நிமிடம்கூட நிற்காது. ராபர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இந்தச் சோர்வைப் பற்றித் தடித்த நூல் ஒன்றை 1621லேயே வெளியிட்டுவிட்டார்.

கூட்டுக் குடும்பத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் மனநோயே இல்லையென்றால், திருச்சி பக்கம் குணசீலம் கோயிலில் மனம் பாதித்தவர்களை 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் ஏன் வந்தது? இருபது பேருக்குச் சோறு வடித்த பெண், தன் மனசு சரியில்லை என்று யாரிடம் சொல்லியிருப்பாள்? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது, சோறு இறங்கவில்லை, பெற்ற பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை. மாமியாருக்கு அது சோம்பேறித்தனம், ஓரகத்திக்கு நடிப்பு, ஊருக்குக் காத்துக் கருப்பு. வேப்பிலை அடித்தார்கள். வைத்தியரிடம் போனால் தலைவலிக்கும் அசதிக்கும் மருந்து கிடைத்தது. அவள் உயிரை மாய்த்துக்கொண்டால் 'தீராத வயிற்றுவலி' என்று தினசரியின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. சின்ன வயதில் அந்தச் செய்தியை எத்தனை முறை படித்திருப்பேன்! அத்தனை பேருக்குமா வயிற்றுவலி? அவர்களில் பலர் வீடு நிறைய ஆட்களோடு வாழ்ந்தவர்கள். அந்த வீடுகளில் நோய் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லத்தான் இடமில்லை. அவர்கள் சொல்லாமல் செத்ததை, நோயே இல்லாத காலம் என்று மேடையில் கொண்டாடுவது அநியாயம்.

அடுத்தது, பழகச் சொல்லும் அறிவுரை. பழகும் தெம்பைத்தான் இந்த நோய் முதலில் பிடுங்கிக்கொள்கிறது. குளித்துத் தலைசீவவே முடியாத நாளில் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சிரிக்கச் சொன்னால், 'இதுகூட நம்மால் முடியவில்லையே' என்ற குற்ற உணர்ச்சியோடுதான் வீடு திரும்புகிறோம்.

மனிதத் துணை உதவும், மிகவும் உதவும். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய வளாகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதைக் கேட்கிறார்கள். அவருடைய கஷ்டங்களில் ஒன்றை எடுத்து, என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையைவிட இதில் நோய்க்குறிகள் அதிகமாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் இந்த வேலையில் கலகலப்புக்கு என்ன இடம்?

என்னைத் தாங்கியவரும் ஒரே ஒருவர்தான், பக்கத்துத் தெரு அக்கா. சாயங்காலம் வந்து, "வாடி, பால் வாங்கிட்டு வருவோம்" என்பார். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. முடியாது என்றால் கோபித்துக்கொள்ளாமல் போய்விடுவார், மறுநாள் திரும்ப வருவார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, என் முறை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாத்திரை தீரப்போகிறதே என்று ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

ஏனென்றால் துணையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. 2015–16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். இந்த நாட்டில் மைக்கைப் பிடித்து 'மாத்திரை வேண்டாம்' என்பது, டாக்டரிடம் போகலாமா என்று தயங்கி நிற்கிறவரை வாசலிலேயே மறிப்பதாகும். திடீரென்று மருந்தை நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பது மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். பேச ஆளில்லாதவர்கள் அரசின் டெலி மனஸ் எண் 14416ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.