பாடகருக்கு துஆ, பந்தல்காரருக்குப் பணம்



நம் ஊர்களில் நடக்கும் மீலாது விழா ஒன்றின் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்கு, சுவரொட்டி, நேர்ச்சைச் சோறு, வெளியூர்ப் பேச்சாளரின் பயணச் செலவு என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். ஒலிபெருக்கிக்காரர் முன்பணம் பெறாமல் பெட்டியை இறக்க மாட்டார். சமையற்காரர் படிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்காமல் அடுப்பு மூட்ட மாட்டார். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத பெயர் ஒன்றுண்டு. மஃக்ரிபுக்குப் பின் கூட்டம் சேரும்வரை மேடையில் நின்று தொண்டை வறளப் பாடிய இளைஞரின் பெயர் அது. அவருக்குக் கிடைப்பவை ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு, அவருடைய குரலில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்றொரு துஆ.

துஆவின் மதிப்பை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால், பந்தல்காரரும் முஸ்லிம்தானே, அவருக்கும் துஆவே போதும் என்று எந்த விழாக் குழுவும் இதுவரை தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை.

‘இது தீனுக்குச் செய்யும் சேவை, சேவைக்குக் கூலி கேட்கலாமா?’ என்பது இவர்கள் உடனே எடுத்துவைக்கும் வாதம். சேவை என்பது செய்பவர் தம் நிய்யத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது; செய்விப்பவர் அவர்மீது சுமத்த வேண்டியதன்று. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதும், பாங்கு சொல்லும் முஅத்தினும், தொழவைக்கும் இமாமும் மாத ஊதியம் பெறுகிறார்கள். (அந்த ஊதியத்தின் இலட்சணம் தனிக் கட்டுரைக்குரியது.) அவர்கள் செய்வது சேவையில்லை என்று யார் சொல்வார்? உழைப்பவரின் வியர்வையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் அண்ணலார் சொன்னதை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கொத்தனாருக்கும் சுமைதூக்குவோருக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று எவரும் நமக்கு விளக்கியதில்லை.

கவிஞருக்கும் பாடுநருக்கும் வழங்குவது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. தம் முன்னிலையில் கவிதை பாடிய கஅப் இப்னு ஸுஹைருக்கு நபிகளார் தம் போர்வையையே வழங்கினார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. தமிழ் மண்ணுக்கு வந்தால், உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடக் காரணமாயிருந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பதும், வள்ளல் மறைந்தபின் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் என்பதும் நாமறிந்த மரபு. அந்த மரைக்காயரைப் புலவர் தம் காப்பியத்துக்குள்ளேயே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று மேடையில் முழங்கிவிட்டு, எதிரே உயிரோடு நிற்கும் பாடகரின் பேருந்துக் கட்டணத்துக்குக்கூட வழிசெய்யாமல் அனுப்புவது எந்த மரபு?

வேறொரு சாரார் உண்டு. ‘இசையே கூடுமா கூடாதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதற்குப் போய் எப்படிப் பணம் கொடுப்பது?’ என்பார்கள். இசைக்கருவிகள் கூடாது என்று உறுதியாக நம்பி, அவற்றை அழைக்காமலும் கேளாமலும் இருப்போரின் பேணுதலை நாம் மதிக்கிறோம். அவர்களோடு நமக்கு இங்கே வழக்கில்லை. நம் வழக்கு, பாடகரை அழைப்பிதழில் அச்சிட்டு, இரவு பத்து மணி வரை கேட்டு மகிழ்ந்து, இன்னும் ஒன்று பாடுங்கள் என்று சீட்டு அனுப்பிவிட்டு, பணம் கொடுக்கும் நேரம் வந்தவுடன் மட்டும் ஃபிக்ஹு நூலைப் புரட்டுவோரோடுதான். கூடாது என்றால் அழைக்கும்போதே கூடாது. கேட்கும் காதுக்கு ஹலாலாயிருந்தது, பணப்பைக்கு மட்டும் மக்ரூஹாகிவிடுமா?

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் இருக்கிறது. இன்று இசைத்துறையில் தனித்து அடியெடுத்து வைக்கும் ஓர் இளைஞருக்கு மேடை ஒன்றே கைக்குக் காசு வரும் வழி. ஏனைய வழிகள் இருப்பதுபோல் தோன்றும், நெருங்கினால் விலகும். நாகூர் ஹனீஃபா அவர்களின் காலத்தில் இசைத்தட்டும் ஒலிநாடாவும் இருந்தன. கேட்க விரும்பியவர் கடைக்குச் சென்று விலை கொடுத்து வாங்கினார். அந்தப் பணத்தில் பாடுபவருக்கு எவ்வளவு சென்றது என்பது வேறு கேள்வி. ஆனால் பாட்டுக்கு ஒரு விலை உண்டு என்ற எண்ணமாவது மக்களிடம் இருந்தது. இன்று பாடல் கோப்பாக இறக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து குழுவுக்குப் பறக்கிறது. ஆயிரம் பேர் கேட்டாலும் பாடியவரின் கணக்கில் ஒரு பார்வைகூட ஏறுவதில்லை.

‘யூடியூபில் போட்டால் பணம் கொட்டுமே’ என்பவர்களுக்குச் சில எண்கள். ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகே, வழக்கமான காணொளிகளின் விளம்பர வருவாயில் பங்கு கிடைக்கும். குறுங்காணொளி வழியாக நுழைவதென்றால் 90 நாட்களில் 1 கோடி பார்வை வேண்டும். நுழைந்த பிறகு விளம்பர வருவாயில் 55 விழுக்காடு சேனலுக்கு வரும். ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு உரிமத்தொகையே கணக்கிடுவதில்லை.

ஒரு பாடலுக்கு ஒலிப்பதிவுக் கூடம், கீபோர்டு வாசிப்பவர், ஒலிக்கலவை, காணொளி எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பார்வைக்கு 20 ரூபாய் கைக்கு வருவதாகவும் வைத்துக்கொள்வோம். போட்ட முதலை மீட்க மட்டும் 7,50,000 பார்வைகள் வேண்டும். அதுவரை அவர் செல்போன் கடையில் வேலை பார்த்துத்தான் பாட வேண்டும். மேடையில் பாடும் நாளில் அந்தக் கடைச் சம்பளமும் போகிறது என்பதை விழாக் குழுவினர் எண்ணிப் பார்த்ததுண்டா?

பாடகர்களையும் இங்கே சும்மா விட முடியாது. புகழ்பெற்ற திரைப்பாடலின் மெட்டில் இஸ்லாமிய வரிகளை ஏற்றிப் பாடும் வழக்கம் நம்மிடம் வெகு நாளாக வேரூன்றியது. ‘அந்தப் பாட்டு மெட்டில் ஒன்று பாடுங்கள்’ என்று கேட்போரும் குறைவில்லை. மேடையில் அது கைதட்டல் வாங்கித் தரும். ஆனால் அதே பாடலைத் திரைப்படக் கரோக்கி இசையோடு யூடியூபில் ஏற்றினால், அங்குள்ள தானியங்கி ஏற்பாடு அதை அடையாளம் கண்டுகொள்ளும். விளம்பரப் பணம் இசை நிறுவனத்துக்குப் போகலாம். காணொளியே முடக்கப்படவும் செய்யலாம். வரிகள் நம்முடையவை, குரல் நம்முடையது, பணம் மட்டும் வேறொருவருடையது. அதைக் குறைகூறவும் நியாயமில்லை. மெட்டு அவர்களுடைய சொத்து.

சொந்த மெட்டமைக்கத் தெரிந்தவருக்கு வரிகளுக்கும் பஞ்சமில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய நூல் பொதுவுடைமை. உமறுப் புலவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் விட்டுச்சென்ற செல்வத்துக்கு எவரும் உரிமை கோர முடியாது. அவற்றில் புது மெட்டுக் கண்டவை எத்தனை?

அடுத்து, பாடல் வெளியிடுவோர். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, சிறு தொகை ஒன்றைக் கையில் திணித்து, எல்லா உரிமையும் எங்களுக்கே என்று சொல்லிவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டதை அவர்களும் அறிவதில்லை, கையெழுத்திடும் இளைஞரும் அறிவதில்லை. திரைப்படத்தில் சேராத ஓர் ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும், உரிமையை எழுதிக் கொடுத்தாலும், உரிமத்தொகையில் வாங்கியவருக்குச் சமமான பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது என்கிறது அத்திருத்தம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையென்றால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். பாடுபவருக்கும், அவருடைய பாட்டு வணிகத்துக்குப் பயன்படும்போது உரிமத்தொகை உண்டு. எழுதுவோரும் மெட்டமைப்போரும் ஐபிஆர்எஸ் என்னும் அமைப்பில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவுசெய்யலாம். அது 1969 முதல் இருக்கிறது.

இதே சட்டத்தைக் காட்டி, திருமண வைபவங்களில் பாடல்களுக்குக் கட்டணமே இல்லையே என்று வாதிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. சமயச் சடங்குகளிலும் திருமணக் கொண்டாட்டங்களிலும் ஒரு பாடலைப் பாடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டம் சொல்வது உண்மையே. அது பாடலின் உரிமையாளருக்குச் செலுத்த வேண்டிய தொகையைப் பற்றியது. நிக்காஹ் மண்டபத்தில் வந்து நின்று பாடும் மனிதரின் கூலியை அது தள்ளுபடி செய்யவில்லை.

எனவே இளம் பாடகர்களுக்கு நாம் சொல்வது: அழைப்பு வந்த அன்றே தொகையைச் சொல்லுங்கள். நாள், நேரம், எத்தனை பாடல், எவ்வளவு பணம், பயணச் செலவு யாருடையது, நிகழ்ச்சியைப் பதிவுசெய்து வெளியிடலாமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாயினும் சரி. ‘ஒரு ஜமாஅத்திடம் எழுதி வாங்குவதா?’ என்று கூச வேண்டாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். ஏழை வீட்டுத் திருமணத்திலும் யத்தீம்கானா நிகழ்ச்சியிலும் நீங்கள் இலவசமாகப் பாட விரும்பினால், அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்களே. விழாச் செயலாளர் அல்லர்.

‘இப்படிக் கேட்டால் இனி யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள்’ என்று சிலர் மிரட்டுவார்கள். அழைக்காதிருப்பது அவர்கள் உரிமை. அந்த மாலையை அந்த இளைஞர் வீட்டில் தம் பிள்ளைகளோடு கழிப்பார், அல்லது கடையில் நின்று அன்றைய சம்பளத்தை வாங்குவார். ரபீஉல் அவ்வல் பிறைக்கு முன்னரே விழாக் குழுக்கள் கூடி வரவு செலவுத் திட்டம் போடுகின்றன. சென்ற ஆண்டு பாடியவருக்குத் தருவதாகச் சொல்லித் தராமல் விட்ட தொகை ஏதேனும் நிலுவையில் இருந்தால், இவ்வாண்டுப் பட்டியலில் பந்தலுக்கு முன்னால் அதை எழுதுங்கள்.