கன்று பிழைத்திருந்தால்

மனுநீதிச் சோழன் கதையைக் கேளாமல் தமிழ்நாட்டில் எவரும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க இயலாது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் சிக்கிக் கன்று இறக்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. மன்னன் தன் மகன்மீதே தேரைச் செலுத்துகிறான். சிலப்பதிகாரம் இதைச் சுட்டிச் செல்கிறது, பெரியபுராணம் விரித்துரைக்கிறது. திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சோழனுக்குச் சிலையும் உண்டு. சாலை விபத்தில் ஒரு விலங்கு இறந்ததற்கு வண்டியோட்டியைப் பொறுப்பாக்கிய கதை என்று இதனைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுதான்.

எங்களுக்கு இக்கதையில் நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அந்தக் கன்று இறவாமல், பின்னங்கால்கள் நொறுங்கி, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்க வீதியோரத்தில் கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இறந்த கன்றுக்கு நீதி கேட்க மணி இருந்தது. உயிரோடு கிடக்கும் கன்றை யார் தூக்குவது, எங்கே கொண்டுசெல்வது, எவர் செலவில் மருத்துவம் பார்ப்பது என்ற கேள்விகளைக் கதை எழுப்பவில்லை. நம் சமூகமும் இன்றுவரை எழுப்பவில்லை என்றே தோன்றுகிறது.

இலக்கியக் கூட்டங்களில் அறிமுகமாகி, பின்னர் தெருவில் அடிபட்டும் நோயுற்றும் கிடக்கும் நாய், பூனைகளை எடுத்துச்சென்று மருத்துவம் பார்ப்பதில் ஒன்றுசேர்ந்த சிறு நண்பர் குழு நாங்கள். சென்னையின் தென்புறநகரில் வாழ்கிறோம். மாதச் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கின் குறிப்பேட்டிலிருந்து ஒரு வாரத்தை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

சென்ற ஐப்பசி மழையில், ஒரு திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்குமேல், வண்டி மோதிய பெட்டைநாய் ஒன்றைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் தொடையெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. உலோகத் தகடு பொருத்தி அறுவை செய்ய 32,000 ரூபாய் ஆகும் என்றனர். எங்கள் கையிருப்பு அன்று 14,200 ரூபாய். வலிக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி அழைத்துவந்தோம். புதன்கிழமை காலை, கட்டடம் ஒன்றின் மணல்மேட்டில் ஐந்து குட்டிகள் இரத்தக் கழிச்சலோடு கிடப்பதாகச் செய்தி வந்தது. பார்வோ. மருத்துவமனையில் தனியறையில் வைத்துப் பார்க்கக் குட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய், குறைந்தது ஐந்து நாள் என்றார்கள். ஐந்து குட்டிகளுக்கு 30,000. இரண்டும் சேர்ந்து 62,000 ரூபாய். முன்பே மற்றொரு மருத்துவரிடம் 23,000 ரூபாய் கடன் நிற்கிறது.

பார்வோவுக்கென்று பரவலாகக் கிடைக்கும் மலிவான மருந்து கிடையாது. வாந்தியிலும் கழிச்சலிலும் உடல் இழக்கும் நீரை நரம்பு வழியே திரும்ப ஏற்றிக்கொண்டே இருந்தால், குட்டியின் உடலே நோயை வென்றுவிடும் வாய்ப்பு உண்டு. ஏற்றாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் சில நாட்களில் இறந்துபோகும். எனவே முடிவைத் தள்ளிப்போட வழியில்லை. நாங்கள் குட்டிகளைத் தேர்ந்தோம். மருத்துவர் ஒருவர் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டதோடு, சொட்டுநீர் ஏற்றும் முறையையும் கற்றுத் தந்தார். நண்பர் வீட்டு மாடியறையில் முறைவைத்து விழித்திருந்தோம். மூன்று பிழைத்தன, இரண்டு இறந்தன. பெட்டைநாயின் காலை, செலவு குறைந்த வழியாக, எடுத்துவிட்டோம். அவள் மூன்று காலில் இன்று நன்றாகவே ஓடுகிறாள். பணம் இருந்திருந்தால் நான்கு காலில் ஓடியிருப்பாள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. விலங்குகளைக் காப்போர் பலரின் குறிப்பேட்டிலும் இத்தகைய வாரங்கள் இருக்கின்றன. எந்த உயிருக்கு எவ்வளவு என்ற கணக்கை, மருத்துவமும் படியாத, அறத்தின் பேரால் எவரும் நியமிக்காத நான்கு பேர் நள்ளிரவில் கைபேசியில் பேசி முடிவுசெய்கிறார்கள்.

மருத்துவர்கள்மீது பழி போடுவது எளிது. 'உயிரை வைத்து வியாபாரம்' என்ற வசையை அவர்கள் வாரந்தோறும் கேட்கிறார்கள். நாங்களும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறோம், இப்போது சொல்வதில்லை. மனிதர்களாகிய நமக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது, முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நம் எலும்பில் பொருத்தும் தகட்டின் விலையை நம்மில் பலர் அறிந்ததேயில்லை. மருத்துவத்தின் முழு விலையை முதன்முறையாக நாம் காண்பது விலங்கின் ரசீதில்தான். மயக்க மருந்தும் எக்ஸ்ரே கருவியும் இரவுப்பணிக்கு வரும் உதவியாளரின் சம்பளமும் நோயாளி நாய் என்பதற்காகக் குறைவதில்லை. வளர்ப்பு நாய்க்குக் காப்பீடு உண்டு. அதற்கு உரிமையாளர் ஒருவர் வேண்டும். மேலும், எங்களைப் போன்றோர் வைத்துவிட்டுப் போகும் கடன்களால் இளைத்த மருத்துவமனைகள் இருக்கின்றன. கட்டணம் குறைத்து உதவிய அந்த மருத்துவரைத் தேடி, அடுத்த மாதமே நகரத்தின் எல்லாக் குழுக்களும் சென்றன. நல்லவர் என்று பெயரெடுப்பதே அவருக்கு ஒரு தண்டனையாகிவிட்டது.

அரசு மருத்துவம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு வந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நாட்டின் மூத்த நிறுவனங்களுள் ஒன்று. அதன் மருத்துவமனை இல்லையெனில் எங்கள் விலங்குகளில் பாதி இன்று இருந்திரா. ஆனால் 'கால்நடை' என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கவேண்டும். பழந்தமிழில் 'மாடு' என்றால் செல்வம். நம் மருந்தகங்கள் அந்தச் செல்வத்தைக் காக்கவே ஊர்தோறும் எழுந்தன: கறவை வற்றாமல், உழவுமாடு சாகாமல், ஆட்டுமந்தையில் கொள்ளைநோய் புகாமல் இருக்க. அது உழவனின் வாழ்வு. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியின் நோக்கமும் பெரும்பாலும் அதுவே. ஒருவருக்கும் செல்வமாகாத ஒரு தெருநாய்க்கு, இரவு பதினொரு மணிக்கு, அந்த அமைப்பில் இன்னும் இடம் வகுக்கப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவாக 1960-ல் விலங்குவதைத் தடைச் சட்டம் வந்தது. அதன்படி வதைக்கு முதன்முறை விதிக்கப்படும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் இருக்கவேண்டும். அந்தத் தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. ஒரு சிரிஞ்சும் கொஞ்சம் பஞ்சும் வாங்கலாம். 2022 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம், தெருநாய்மீது இருசக்கர வண்டி மோதிய வழக்கொன்றில், மனித உயிருக்கு ஊறு விளைவிப்பதற்கான பிரிவுகள் நாய்க்குப் பொருந்தா என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டது. அத்தீர்ப்போடு எங்களுக்குப் பிணக்கில்லை. பெரும்பாலோர் வேண்டுமென்றே நாயின்மீது வண்டியை ஏற்றுவதில்லை. இருட்டில் குறுக்கே பாயும் நாயால் வண்டியோட்டிகள் உயிரிழப்பதும் உண்டு. சோழனைப் போலத் தண்டிக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இடித்தவர் போய்விடுகிறார், எடுத்தவர் கட்டுகிறார் என்ற நடைமுறையைத்தான் சுட்டுகிறோம். இதில் எடுக்காமல் போகிறவரே அறிவாளி ஆகிறார். சாலையோரத்தில் உயிர் துடிக்க விலகிச் செல்லும் நூறு பேரும் கல்நெஞ்சர் அல்லர். தொட்டால் செலவு தம்முடையதாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள்.

2025-ல் நாடே தெருநாய்களைப் பற்றி விவாதித்தது. தில்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி ஆகஸ்ட் 11-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22-ல் அதனை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோய்க் குறியோ மூர்க்கமோ இல்லையெனில், பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நாய் எங்கே இருக்கவேண்டும் என்று தொலைக்காட்சிகளில் கத்தி ஓய்ந்தார்கள். அது நோயுற்றால் யார் பார்ப்பது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. காப்பகம் என்பது பல விலங்குகள் ஒரே கூரையின்கீழ் மூச்சுவிடும் இடம். பார்வோவும் டிஸ்டெம்பரும் அங்கே ஒரே வாரத்தில் பரவிவிடும். மருத்துவத்துக்குப் பணம் ஒதுக்காமல் கட்டப்படும் காப்பகம், கண்ணில் படாமல் சாவதற்கான இடமாகிவிடும்.

இவ்விடத்தில் நம் இலக்கிய மரபையும் கொஞ்சம் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. புறாவுக்காகத் தசை அரிந்து தந்த சிபியைச் சோழர்கள் தம் முன்னோன் என்று பெருமை கொண்டனர். பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான். பாரி முல்லைக்குத் தேர் தந்தான். எல்லாம் ஒரு முறை, ஓர் உயிருக்கு, ஒரு பெருந்தனி மனிதன் செய்தவை. மறுநாள் காலை சிபியின் முன் மேலும் பன்னிரண்டு புறாக்கள் வந்திருந்தால்? அரியத் தசை மிஞ்சியிராது. விலங்குகளைக் காப்போரை நாம் இன்றும் சிபிகளாகவே காண விரும்புகிறோம். 'உங்களுக்குப் பெரிய மனசு' என்கிறோம். அந்த வாக்கியத்தோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. அவர்களோ நகையை அடகு வைக்கிறார்கள், வீட்டில் பொய் சொல்கிறார்கள், ஒருநாள் கைபேசியை அணைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கியவர்கள் எங்கள் குழுவிலேயே இருவர் உண்டு. அவர்களை நாங்கள் குறைசொல்வதில்லை.

இன்னொரு மரபும் நம்மிடம் இருக்கிறது. ஜீவகாருண்யத்தைப் பேசிய வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. தசையை அரிந்துதரும்படி அவர் எவரையும் கேட்கவில்லை. ஊரார் கொண்டுவரும் அரிசியும் பருப்பும் சேர்ந்து அன்றாடம் உலை கொதிக்கிறது. யாரும் வீரனாக வேண்டியதில்லை, யாரும் திவாலாக வேண்டியதுமில்லை. இலண்டனில் 1917-ல் மரியா டிக்கின் என்ற பெண்மணி, ஏழைகளின் விலங்குகளுக்கென ஒயிட்சேப்பலில் ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் திறந்தார். அது நாடெங்கும் கிளைவிட்டு, நன்கொடையால் இன்றும் இயங்குகிறது. தருமசாலையின் அடுப்பும் அந்த மருந்தகமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவசரம் வந்தபின் கையேந்துவதைவிட, அவசரத்துக்கு முன்பே பலர் சிறிது சிறிதாகச் சேர்த்துவைப்பதே அவற்றின் முறை.

எனவே நாங்கள் கேட்பவை எளியவை. மாநகராட்சிகள் தம் கருத்தடை மையங்களை ஒட்டி, இரவிலும் இயங்கும் ஓர் அவசரப் பிரிவை அமைக்கவேண்டும். பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இராது. சிறு குழுக்கள் தனித்தனியே உண்டியல் குலுக்காமல், ஒரு வட்டாரத்துக்கு ஒரு பொதுநிதி வைத்து, எதற்கு எவ்வளவு என்ற வரம்பை முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். அப்போது நள்ளிரவு முடிவின் சுமை நான்கு பேர் தலையில் விடியாது. தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் முதலில் பணம் ஒதுக்கவேண்டும். ஒரு குட்டிக்குப் பார்வோ ஊசி போடும் செலவு சில நூறு ரூபாய். போடாமல் விட்டால் ஆகும் செலவை மேலே சொல்லிவிட்டோம். பிழைக்க வழியில்லாத உயிரை வலியின்றி வழியனுப்புவதைப் பாவமென்று ஒதுக்காமல், மருத்துவர் சொல்லும்போது அதை ஏற்கும் துணிவும் வேண்டும். எங்களுக்கு அது வர ஆண்டுகள் ஆயின.

மனிதர்களே மருத்துவமின்றிச் சாகும் நாட்டில் நாய்க்கு என்ன மருத்துவம் என்ற கேள்வி வரும். அதைக் கேட்பவரோடு நாங்கள் சண்டையிட விரும்பவில்லை. நாய்க்குச் செலவிடாத பணம் ஏழையின் மருத்துவத்துக்குப் போய்ச் சேர்வதை நாங்கள் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்வோம். இன்னொன்று: எங்கள் கணக்கில் தவறாமல் பணம் போடுகிறவர்களில் ஒருவர் இட்லிக்கடை நடத்தும் அம்மா. மாதம் நூறு ரூபாய். எவர் நூறு ரூபாய்க்கு எவ்வளவு மதிப்பு என்று அவரிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

இதை எழுதும் இன்று எங்கள் கையிருப்பு 6,350 ரூபாய். பழைய கடனில் 9,000 அடைத்துவிட்டோம், 14,000 பாக்கி. பிழைத்த மூன்று குட்டிகளில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றாவது, மூன்றுகால் நாயின் பின்னாலேயே திரிகிறது. அதற்கு அடுத்த வாரம் ஊசி போடவேண்டும்.